நாலு ஜிபி போதுமாப்பா?

"அப்பா, நாலு ஜிபி போதுமா, எட்டு ஜிபி எடுக்கலாமா?"

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தட்டில் தோசை விழும் முன்பே இந்தக் கேள்வி விழுந்தது. கேட்டவன் படிவம் 1 படிக்கும் என் மகன். புதுக் கைப்பேசிக்கு அடிபோடுகிறான் என்று நினைத்து, "இருக்கிறதே போதும்" என்றேன்.

"போன் இல்லப்பா. சர்வருக்கு."

சர்வர் என்றால் என் நினைவுக்கு வருபவர் நாகேஷ்தான். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஓட்டலில் பரிமாறுவாரே, அவர். அதைச் சொல்லிச் சிரித்தேன். மகன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஏதோ கவலை தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து விவரம் கேட்டேன்.

அவர்கள் ஆறு நண்பர்கள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை ஒரே வகுப்பு. இடைநிலைப்பள்ளி என்று வந்ததும் மூன்று பள்ளிகளாகப் பிரிந்துவிட்டார்கள். அதில் ஒருவன் தந்தைக்கு வேலை மாற்றலாகி ஜொகூர் பாருவுக்கே போய்விட்டான். இந்த ஆறு பேரும் இப்போது ஒன்றாக இருக்கும் ஒரே இடம் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இருந்தது. அங்கே அவர்கள் தாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு, சபை கூடும் திடல், சிற்றுண்டிச்சாலை என எல்லாம் சதுரக் கட்டிகளால்.

அதுவரை அவர்களின் உலகம் ஒரு நண்பனின் அண்ணன் நடத்திய சர்வரில் இருந்தது. அண்ணன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். மாதக் கடைசியில் சர்வரை மூடப்போகிறார். பள்ளியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய வீடு? அதுதான் நாலு ஜிபியா, எட்டு ஜிபியா என்ற கேள்வி.

நான் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்ப்பவன். கணினி வல்லுநன் அல்லன். இந்தக் கேள்விக்கு அடுத்த சில மாதங்களில் இரண்டு முறை தவறாகப் பதில் சொன்னேன். முதலில் மிகக் குறைவு. பிறகு தேவைக்கு மிக அதிகம். இரண்டாலும் பட்ட பிறகு கற்றுக்கொண்டதை, பிள்ளைகளிடமிருந்து இதே கேள்வி வரக்கூடிய மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

சர்வர் மென்பொருள் இலவசம், வீடு இலவசமில்லை

மைன்கிராஃப்ட், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள மொஜாங் நிறுவனத்தின் விளையாட்டு. மார்கஸ் பெர்சன் என்பவர் உருவாக்கத் தொடங்கியது. முழு வடிவம் 2011-இல் வெளிவந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவித்தார்கள். பிள்ளைகள் ஏதோ மூலையில் கிடந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்த எனக்கு இந்த எண்ணே முதல் பாடம்.

பிள்ளைகள் கணினியில் ஆடுவது ஜாவா பதிப்பு. விளையாட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கியாயிற்று. நண்பர்கள் கூடி ஆடுவதற்கான சர்வர் மென்பொருளை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அதைப் பதிவிறக்கி, விதிமுறைகளை ஏற்கிறேன் என்று ஒரு சிறு கோப்பில் குறித்துவிட்டால் ஓடத் தொடங்கும். காசு போவது அதை ஓட்டும் கணினிக்குத்தான். அந்தக் கணினியின் விலையை முதலில் தீர்மானிப்பது நினைவகம், அதாவது ரேம்.

முதல் தவறு: அலமாரி மடிக்கணினி

வீட்டு அலமாரியில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. 4 ஜிபி நினைவகம். சர்வர் மென்பொருளைத் தரும் அதிகாரப்பூர்வப் பக்கத்தில், அதை ஓட்டுவதற்கு எடுத்துக்காட்டாகத் தந்திருக்கும் கட்டளையில் 1 ஜிபிதான் இருந்தது. "ஒன்னே போதும்னு அவங்களே சொல்றாங்க. நம்மகிட்ட நாலு இருக்கே!" என்றேன். மகனுக்கும் மகிழ்ச்சி. காசு செலவில்லை என்பதால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

அதிகம் கொடுத்தால் வேகம் அதிகமாகும் என்று நினைத்து, இருந்த 4 ஜிபியில் மூன்றரையை விளையாட்டுக்கே ஒதுக்கிவிட்டான். ஆனால் கணினி எழுந்து நிற்பதற்கே ஏறக்குறைய 2 ஜிபி தேவைப்பட்டது. வருகிற சம்பளம் முழுவதையும் ஒரே செலவுக்கு எழுதிவிட்டு, வீட்டு வாடகையை மறந்துவிட்ட கதை.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பள்ளி நாள்களில் இரண்டு பேர், மூன்று பேர்தான் வருவார்கள். ஜொகூர் பாரு நண்பன்தான் அதிகம் வந்தான். புதுப் பள்ளியில் அவனுக்கு இன்னும் யாரும் பழக்கமாகவில்லை என்று மகன் சொன்னான். அந்த மூன்று வாரத்தில் அவன் தனியாகவே பள்ளி மண்டபத்தைக் கட்டி முடித்தான். மேடை, திரைச்சீலை, பின்சுவரில் பள்ளிச் சின்னம் எல்லாம்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை ஆறு பேரும் ஒன்றாக வந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் உறைந்தது. நினைவகம் போதாதபோது கணினி வட்டில் கொஞ்சம் இடத்தை எடுத்து அதை நினைவகம்போல் பயன்படுத்தும். வட்டு அத்தனை வேகமானதன்று. மடிக்கணினி கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது, சுட்டி நகரவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மின்சுவிட்சை நானே அணைத்தேன்.

மறுபடி திறந்தபோது மண்டபம் இல்லை. உலகத்தை வட்டில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போனதால், அந்தப் பகுதியின் கோப்பு பழுதாகிவிட்டது. படிக்க முடியாத இடத்தைக் கண்டால் விளையாட்டு என்ன செய்யும் தெரியுமா? அந்த நிலம் முதன்முதலில் எப்படி இருந்ததோ அப்படியே புதிதாக உருவாக்கிவிடும். மேடை இருந்த இடத்தில் ஒரு புல்மேடும் ஒரு மரமும் நின்றன.

ஜொகூர் பாரு நண்பன் அந்த மரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றானாம். ஒன்றும் சொல்லாமல் வெளியேறிவிட்டான். அதற்குப் பிறகு பதினொரு நாள் அவன் வரவே இல்லை. மகன் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. "நான்தான்பா மூன்றரை போட்டேன்" என்று மகன் சொன்னபோது, சுவிட்சை அணைத்தது நான்தான் என்று சொல்லத்தான் முடிந்தது.

பந்தியும் இலையும்

அந்தப் பதினொரு நாளில்தான் நினைவகம் என்றால் என்னவென்று உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சரக்கு அறை இருக்கிறது. அரிசி மூட்டை, பருப்பு, எல்லாம் அங்கே. அதுதான் வட்டு. மின்சாரம் போனாலும் அரிசி அங்கேயே இருக்கும். முன்னால் இலை போடும் கூடம். அதுதான் நினைவகம். இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அங்கே இலை விரியும். பரிமாறுபவர்தான் கணினியின் செயலி. நம் பழைய சர்வர்!

கூடம் சிறிதென்றால் அடுத்த இலை போட இடமில்லை. ஆனால் கூடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும், பரிமாற ஒருவர்தான் இருக்கிறார் என்றால் சாம்பார் வேகமாக வந்துவிடாது. இந்த இரண்டாவது உண்மைதான் பின்னால் எனக்குப் பணச்செலவாக வந்தது.

ஆளை எண்ணினால் மட்டும் போதாது

சர்வர் வாடகைக்கு விடும் கடைகள் எல்லாமே ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. இத்தனை பேருக்கு இத்தனை ஜிபி என்று. பார்க்கச் சுலபம். ஆனால் மைன்கிராஃப்டில் ஆளைவிட முக்கியம், அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்பது.

அந்த உலகம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு துண்டு நீளவாக்கில் 16 கட்டி, அகலவாக்கில் 16 கட்டி. 2021-இன் இறுதியில் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பாதாளத்தின் அடியிலிருந்து வானம் வரை 384 கட்டி உயரம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு துண்டில் 98,304 கட்டிக்கான இடம். ஓர் ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்துத் துண்டு தூரத்துக்கு சர்வர் உலகத்தை நினைவகத்தில் விரித்து வைக்கும். இந்தப் 'பார்வைத் தூரம்' வழக்கமாகப் பத்தில் இருக்கும். அப்படியென்றால் பக்கத்துக்கு 21 துண்டு. 21-ஐ 21-ஆல் பெருக்கினால் 441 துண்டுகள். ஓர் ஆளுக்கு 441 இலை!

ஆறு பேரும் பள்ளித் திடலில் ஒன்றாக நின்றால் அந்த 441 இலையையே பகிர்ந்துகொள்வார்கள். ஆறு பேரும் ஆறு திசைக்குப் பிரிந்து போய்விட்டால் 2,646 இலை வேண்டும். அதே ஆறு பேர், ஆறு மடங்கு இடம். அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். விடுமுறை உற்சாகத்தில் ஒருவன் கடல் பார்க்கப் போனான், ஒருவன் சுரங்கம் தோண்டப் போனான், ஒருவன் மலைக்குப் போனான். மூன்று வாரமாக ஓடிய மடிக்கணினி அன்றைக்கு மட்டும் விழுந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. பார்வைத் தூரத்தைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தால் ஓர் ஆளுக்கு 289 துண்டு. ஆறு பேர் பிரிந்து நின்றாலும் 1,734 தான். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் மூன்றில் ஒரு பங்குச் சுமை குறைகிறது. சல்லிக்காசு செலவில்லை.

இரண்டாவது தவறு: பதினாறு ஜிபி

இதெல்லாம் புரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மண்டபம் போன குற்ற உணர்ச்சியில் மாதம் 140 வெள்ளிக்கு 16 ஜிபி சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் மனநிலையில் கடைக்குப் போனால் கை தானாகப் பெரிய அளவைத்தான் எடுக்கிறது. அதிலும் கடை காட்டிய முதல் ஊரையே தேர்ந்தெடுத்துவிட்டேன். அந்த இயந்திரம் ஐரோப்பாவில் இருந்தது.

புது வீடு வாங்கியாயிற்று என்று மகன் எல்லாருக்கும் சொன்னான். ஜொகூர் பாரு நண்பனும் அன்று வந்தான். பதினொரு நாளுக்குப் பிறகு அவன் பெயர் திரையில் வந்ததும் மகன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

ஆனால் ஆட்டம் இழுத்தது. கதவைத் தட்டினால் ஒரு நொடி கழித்துத் திறந்தது. உடைத்த கட்டி மறுபடி முளைத்து, பிறகு மறைந்தது. "பதினாறு ஜிபி போட்டுமா?" என்று ஒருவன் கேட்டது ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது. 140 வெள்ளி கொடுத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

காரணம் இரண்டு. ஒன்று தூரம். கிள்ளானில் அழுத்திய பொத்தான் ஐரோப்பா வரை போய் வர வேண்டும். எத்தனை ஜிபி போட்டாலும் பூமி சிறியதாகிவிடாது. சிங்கப்பூரில் உள்ள இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொன்னோம். கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் அது பக்கத்து வீடு. கதவு உடனே திறந்தது.

இரண்டாவது காரணம், கோழி. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பெரிய பட்டி கட்டி, சில நூறு கோழிகளை வளர்த்து வைத்திருந்தான். இந்த விளையாட்டின் சர்வர் ஒரு நொடிக்கு 20 முறை உலகத்தைச் சுற்றி வந்து கணக்குப் பார்க்கிறது. ஒரு சுற்றுக்கு 50 மில்லி நொடிதான் நேரம். ஒவ்வொரு கோழியும் எங்கே நடக்கிறது, எதில் மோதுகிறது, முட்டை இடுகிறதா என்று அத்தனையையும் அதற்குள் பார்க்க வேண்டும். நேரம் போதாவிட்டால் உலகமே மெதுவாக நகரும். இந்த முக்கிய வேலையில் பெரும்பகுதியைச் செயலியின் ஒரே ஒரு கரம்தான் செய்கிறது. பந்தியில் ஒரே பரிமாறுபவர். கூடம் பதினாறு ஜிபி அகலம் இருந்து என்ன பயன்?

கோழியின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னோம். வளர்த்தவன் இரண்டு நாள் கோபமாக இருந்தான். பிறகு இருபது கோழியோடு சமாதானமானான். ஆட்டம் சீரானது. ஒரு ஜிபி கூடச் சேர்க்கவில்லை.

அதிக நினைவகத்தால் கெடுதலே உண்டா என்று கேட்கலாம். பணம்தான் முதல் கெடுதல். இன்னொன்றும் உண்டு. சாப்பிட்டு எழுந்தவரின் இலையை ஜாவா அப்போதைக்கப்போது எடுப்பதில்லை. சேர்த்து வைத்துப் பிறகு துப்புரவு செய்யும். கூடம் பெரிதாக இருந்தால் எச்சில் இலை நிறையச் சேர்ந்துவிடலாம். அதைக் கூட்டும் நேரத்தில் பரிமாறல் சற்றே நிற்கவும் நேரலாம். தேவைக்கு மேல் கொடுத்துவிட்டால் நிம்மதி என்ற என் எண்ணம் அத்தோடு போனது.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாலை

மூன்றாவது முறையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று, கிடங்கில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். சரக்கு எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்காமல், எவ்வளவு போகிறது என்று எண்ணுவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறு பேரையும் வரச் சொன்னோம். சர்வர் பக்கத்தில் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது ரம்பத்தின் பல்போல ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். முதலில் உச்சியைப் பார்த்துப் பயந்தேன். பிறகு புரிந்தது: உச்சியில் எச்சில் இலையும் சேர்ந்து எண்ணப்படுகிறது. கூட்டித் துடைத்த பிறகு கோடு எங்கே வந்து நிற்கிறதோ, அந்த அடிமட்டம்தான் உண்மையான தேவை.

என் நோட்டில் எழுதியது இது. யாரும் இல்லாதபோது அடிமட்டம் 1.1 ஜிபி. இரண்டு பேர் பள்ளியில் இருந்தபோது 1.4. ஆறு பேரும் பள்ளியில் இருந்தபோது 1.7. ஆறு பேரையும் ஆறு திசையில் ஓடச் சொன்னபோது 2.6. எங்கள் பிள்ளைகளால் செய்யக்கூடிய அதிகபட்சக் கலாட்டா அதுதான். இலை சேர்வதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று விளையாட்டுக்கு 4 ஜிபி ஒதுக்கினோம். ஜாவா தனக்கென்று எடுத்துக்கொள்வதற்கும் கணினியின் சொந்தத் தேவைக்கும் சேர்த்து மொத்தம் 6 ஜிபி உள்ள சிறிய திட்டத்துக்கு மாறினோம். பார்வைத் தூரம் எட்டு. மாதம் 45 வெள்ளி. ஆறு வீட்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு 7 வெள்ளி 50 காசு. மாமாக் கடையில் ஒரு வேளை செலவு.

மகன் முதல் நாள் கேட்ட நாலு ஜிபி என்ற எண் சரியாகத்தான் இருந்தது. எதற்கு நாலு, எது போக நாலு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால்

முதலில் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவீர்கள்? ஒன்றாக நின்று கட்டுவீர்களா, ஊர் சுற்றுவீர்களா? விளையாட்டோடு மோட் எதுவும் சேர்ப்பீர்களா? மோட் என்பது வெளியார் எழுதிய கூடுதல் பொருள்கள், மிருகங்கள், இயந்திரங்கள்.

மோட் இல்லாமல் ஐந்தாறு நண்பர்கள் என்றால் விளையாட்டுக்கு 2 முதல் 4 ஜிபியில் தொடங்கலாம். பத்துப் பேருக்கு மேல் போனாலோ, அதிகம் ஊர் சுற்றினாலோ 4 முதல் 6. பெரிய மோட் தொகுப்பு என்றால் இரண்டு பேருக்கே 6, 8 என்று ஏறிவிடும். இது தொடக்கக் கணக்குதான். மாதா மாதம் கட்டும் சர்வரில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா மலிவு என்று முதல் நாளே கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் ஓட்டி, அடிமட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லா விளையாட்டுக்கும் இதே கணக்கு வராது. டெர்ரேரியா போன்ற விளையாட்டில் உலகத்தின் அளவைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். நடக்க நடக்க வளரும் உலகமென்றால் நினைவகத் தேவையும் ஆட்டக்காரரின் காலைப் பின்தொடரும்.

ஆட்டம் இழுக்கிறது என்று பிள்ளை புகார் சொன்னால் உடனே ஜிபியைக் கூட்டாதீர்கள். ஒருவனுக்கு மட்டும் இழுத்தால் அவன் வீட்டு இணையத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மெதுவாக நகர்ந்தால் செயலிக்கு வேலை அதிகம், கோழிகளை எண்ணுங்கள். திடீர் திடீரென்று உறைந்து, கடைசியில் சர்வர் அடியோடு விழுந்தால்தான் நினைவகத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கூடவே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: அனுமதிப் பட்டியலை இயக்கி வையுங்கள். அதில் பெயர் உள்ள நண்பர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும்.

நினைவகம் மறந்துவிடும்

இத்தனை ஜிபிக் கணக்குக்கும் பிறகு நான் கற்ற பெரிய பாடம் ஜிபியைப் பற்றியதன்று. நினைவகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, மின்சாரம் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். பந்தி முடிந்த கூடம். எத்தனை ஜிபி வாங்கினாலும் அது பிள்ளைகளின் உழைப்பைக் காப்பாற்றித் தராது. நகல் எடுத்து வைத்தால்தான் காப்பாற்றலாம்.

இப்போது தினமும் அதிகாலையில், யாரும் ஆடாத நேரத்தில், சர்வர் தன்னை ஒழுங்காக நிறுத்திக்கொண்டு, உலகத்தை நகல் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. கடைசி ஏழு நாள் நகல் அங்கே இருக்கும். ஞாயிறுதோறும் ஒரு நகலை மகன் வீட்டுக்கும் இறக்கி வைக்கிறான். ஒரு முறை அந்த நகலிலிருந்து உலகத்தைத் திறந்தும் பார்த்துவிட்டோம். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத சரக்கு மாதிரி. இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

மண்டபத்தை மறுபடி கட்டினார்கள். இந்த முறை சுவர்களை மற்ற ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜொகூர் பாரு நண்பன் மேடையை மட்டும் கட்டினான். நடுவில் முளைத்திருந்த அந்த மரத்தை வெட்டலாமா என்று கேட்டபோது, அவன்தான் வேண்டாம் என்றானாம். இப்போது மண்டபத்தின் நடுவில், கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு மரம் நிற்கிறது. அசல் பள்ளியில் அப்படி ஒரு மரம் இல்லை.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது மகன் மறுபடி தொடங்கினான். "அப்பா, சிங்கப்பூர் மாமா மகனும் வரணுமாம். ஏழு பேரு தாங்குமா?"

நான் ஜிபியைப் பற்றிப் பேசவில்லை. "வந்து எங்க இருப்பான்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துலதான். கூரை வேலை பாக்கி இருக்கே."

"அப்ப தாங்கும். இன்னொரு இலை போடு" என்றேன்.